மூன்றெழுத்தும் ஒரு லிட்டர் ஜலமும்

சித்திரை பிறந்தது முதல் ஆடிக் கிருத்திகை முடியும் வரையில் திருத்தணிகையில் வெயிலுக்கும் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. தமிழ் நாட்டில் அதிக உஷ்ணம் பதிவான ஊர்களின் பெயர்களைக் கோடைதோறும் பத்திரிகைகளில் வாசிப்போர் அந்த ஜாபிதாவில் இவ்வூரின் பெயரையும் அடிக்கடி கண்டிருப்பார்கள். அந்த வெயிலிலேதான், முடியிறக்குவதற்கென்று கைக்குழந்தைகளைத் தோளில் சாத்திக்கொண்டு 365 படிகளையும் ஏறுகிற குடும்பங்கள் திரள் திரளாக வருகின்றன. செங்கற்பட்டு, வட ஆற்காட்டுப் பக்கங்களிலிருந்து வருவோர் பாதி. நகரி, புத்தூர், சித்தூர் முதலிய ஆந்திரப் பிரதேசத்து ஊர்களிலிருந்து வருவோர் மறு பாதி என்று சொல்லலாம். வழியில் கண்ட இடத்து ஜலத்தைக் குடித்து, ஈ மொய்த்த பண்டத்தைத் தின்று, வெயிலில் வாடி வீடு திரும்பிய குழந்தைக்கு அன்றிரவே வயிறு போக ஆரம்பிக்கிறது. தாயாருக்குக் கை கால் ஓடுவதில்லை. அந்த இரவில் அவள் செய்யவேண்டியது என்ன, அவள் செய்யவொட்டாமல் இடையில் நின்று கெடுத்தது எது என்பதைப்பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

குழந்தை வைத்தியர்கள் பெற்றோருக்குச் சொல்லும் புத்திமதிகள் அநேகம். அவற்றுள் மிகச் சாதாரணமானதும், மிக அதிகமான உயிர்களைக் காப்பாற்றியதும், ஆயினும் மிக அதிகமாக அசட்டை செய்யப்படுவதும் ஒன்றுண்டு. பேதியாகும் குழந்தைக்கு முதலில் கொடுக்கவேண்டியது பேதியைக் கட்டும் மருந்தன்று, அளவறிந்து உப்பும் சர்க்கரையும் சேர்த்த ஜலமே என்பதுதான் அது. உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்குப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வருஷந்தோறும் ஏறக்குறைய 4,40,000 பேர் பேதியினால் மாண்டுபோகிறார்கள். இவர்களிற் பெரும்பாலோரைக் கொல்வது கிருமியின் விஷமன்று. உடம்பிலிருந்து வெளியேறிவிடுகிற ஜலமும் உப்பும் திரும்ப உள்ளே போகாமையே. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பிலிருந்து ஒரு லிட்டர் ஜலம் போய்விட்டால் அதன் உயிர் ஊசலாடத் தொடங்குகிறது. பெரியவர்களுக்கு ஒரு செம்பு ஜலம் பிரமாதமல்ல. ஒரு வயதுக் குழந்தைக்கு அதுவே ஜீவ மரணப் பிரச்னை.

நம் தேசத்தின் நிலைமை என்ன? 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், பேதி கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 60.6 பேருக்குத்தான் இந்த உப்புக் கரைசல் கொடுக்கப்பட்டதாகத் தெரிய வந்தது. கூடவே கொடுக்கவேண்டிய துத்தநாக மாத்திரை நூற்றுக்கு 30.5 பேருக்கே கிடைத்தது. முந்தைய கணக்கெடுப்பைவிட இது அபிவிருத்தியே என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஐந்து குழந்தைகளில் இரண்டு குழந்தைகளுக்குக் காலணாப் பெறுமான உப்பும் சர்க்கரையும்கூடச் சேராமற் போவானேன்?

அறியாமை ஒரு காரணம். நம் கிராமங்களிலே குழந்தைக்கு வயிறு போனால், "குடலேற்றம்" என்பார் ஒருவர். "தொக்கம் விழுந்திருக்கிறது" என்பார் மற்றொருவர். "தோஷம் தட்டிவிட்டது, பார்வை பார்க்கவேண்டும்" என்பார் மூன்றாமவர். குழந்தையைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் எண்ணெய் தேய்ப்பதும், வாயில் ஊதித் தொக்கம் எடுப்பதும், உச்சிக் குழி விழுந்ததற்கு மந்திரிப்பதும் இன்னும் மறைந்துபோகவில்லை. இவற்றைச் செய்யும் கிழவிமார்களைப் பரிகசித்து எழுதுவது சுலபம். பட்டணத்தில் சிலர் அதையே ஒரு தொழிலாகவும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் ஒன்று சொல்லுவோம். உச்சிக் குழி உள்ளே விழுந்திருக்கிறது என்று அந்தக் கிழவி கண்டுபிடித்தது முழு உண்மை. உடம்பில் ஜலம் வற்றியதற்கு எந்த டாக்டரும் பார்க்கிற அடையாளங்களில் அதுவும் ஒன்று. அவளுடைய கண் தவறவில்லை. அவள் சொன்ன பரிகாரம்தான் தவறிப்போயிற்று. மந்திரிப்பதில் போன இரண்டு நாழிகையில் குழந்தைக்கு ஊட்டியிருக்கவேண்டிய ஜலம் பாத்திரத்திலேயே தங்கிவிட்டது.

இதைவிடக் கொடியது வயிற்றைக் காயப்போடும் வழக்கம். "லங்கணம் பரம ஔஷதம்" என்ற வசனத்தைச் சொல்லி, பாலையும் ஜலத்தையும் சோற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அவர்கள் தர்க்கம். தர்க்கம் பார்வைக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியேறுவது குழந்தை சற்றுமுன் குடித்த ஜலம் மட்டுமல்ல, அதன் இரத்தத்திலிருந்து குடல் கறந்துவிட்ட ஜலமும் என்பதை அத்தர்க்கம் கவனியாது. அஜீரணத்தால் அவதிப்படும் பெரியவருக்குச் சொன்ன லங்கணத்தை எட்டு மாதக் குழந்தையின்மேல் ஏற்றுவது நியாயமாகுமா? இவ்விஷயத்தில் நம் பாட்டிமாரில் வேறொரு கட்சியும் உண்டு. உப்பிட்ட கஞ்சித் தெளிவும், உப்புப் போட்ட நீர்மோரும் கொடுத்துக் குழந்தையைத் தேற்றியவர்கள் அவர்கள். இன்றைய வைத்திய சாஸ்திரம் அந்தக் கட்சிக்கே தீர்ப்பளித்திருக்கிறது.

அந்தத் தீர்ப்பு கிடைத்த வரலாறு தேசாபிமானிகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டியதாகும். குடலின் உட்சுவரில் சர்க்கரைக்கும் உப்புக்கும் பொதுவானதொரு வாசல் இருக்கிறது. குளுகோஸ் உள்ளே நுழையும்போது உப்பிலுள்ள சோடியத்தையும் உடனழைத்துக்கொண்டு செல்லுகிறது. அவையிரண்டும் சென்ற வழியே ஜலமும் பின்தொடர்கிறது. 1960ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி பிராக் நகரத்துச் சபையொன்றில் இந்த விதியை வெளியிட்டார். காலராப் பேதியில்கூட இந்த வாசல் அடைபடுவதில்லை என்பதே இதன் விசேஷம். வெறும் ஜலத்தைக் குடித்தால் நிற்காது. உப்பு ஜலம் மட்டும் குடித்தாலும் ஏறாது. இரண்டும் ஓர் அளவில் கலந்தால் ஏறும். இதற்கு ஏழு வருஷங்களுக்கு முன்பே, 1953ல், கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற வைத்தியர் காலரா நோயாளிகளுக்கு இப்படிப்பட்ட கரைசலைக் குடிக்கக் கொடுத்துக் குணப்படுத்தி, லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். மேல்நாட்டார் அதைப் பெரிதாக எண்ணவில்லை. 1968ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் என்ற இரண்டு அமெரிக்க வாலிபர்கள் அளவுகளை நிர்ணயித்து நிரூபித்த பிறகும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வெளியே, பயிற்சியில்லாத ஜனங்களின் கையில் இது பலிக்குமா என்ற சந்தேகம் தீரவில்லை.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் ஒரு குழந்தை வைத்தியர். 1971ல் கிழக்கு வங்காளத்தில் யுத்தம் மூண்டு, லக்ஷக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்குள் வந்தபோது, பங்காவ் என்ற எல்லையூரில் காலரா புகுந்தது. ஆஸ்பத்திரியின் அறைகளில் கட்டில் போதாமல் தரையெல்லாம் நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பிலேற்றும் மருந்து ஜலம் தீரும் தறுவாயிலிருந்தது. இருந்ததை ஏற்றுவதற்கும் ஆளில்லை. டாக்டர் திலீப் மஹலானபிஸ் கல்கத்தாவில் உப்பையும் சோடா உப்பையும் குளுகோஸையும் நிறுத்துப் பைகளில் அடைக்கச் செய்து, முகாமில் பெரிய பீப்பாய்களில் கரைத்துவைத்து, நோயாளிகளின் தாய் தகப்பன்மாரையும் உடன்பிறந்தாரையும் அழைத்து, கோப்பையில் மொண்டு ஊட்டும்படி சொன்னார். லிட்டருக்குக் குளுகோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம், அவ்வளவுதான் மருந்து. நரம்பு வழிச் சிகிச்சையை மட்டும் நம்பியிருந்த காலத்தில் நூற்றுக்கு 30 வரையில் இருந்த மரணம், அவருடைய பராமரிப்பில் நூற்றுக்கு 3.6 ஆக இறங்கியது.

1978ல் 'லான்செட்' பத்திரிகை, இந்த நூற்றாண்டின் வைத்திய முன்னேற்றங்கள் யாவற்றிலும் முக்கியமானதாக இது விளங்கக்கூடும் என்ற அபிப்பிராயத்தைத் தன் தலையங்கத்தில் வெளியிட்டது. ஐந்து கோடி உயிர்களுக்குமேல் இதனால் பிழைத்திருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மஹலானபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் என்ற விருது 2023ல் அறிவிக்கப்பட்டது. உயிரோடிருந்தபோது அவரைத் தேடிச் சென்று கொடுக்கச் சர்க்காருக்கு ஐம்பது வருஷம் போதவில்லை போலும்!

பங்காவில் நடந்ததன் பெருமை மரணம் குறைந்ததில் மட்டும் இல்லை. அதுவரை டாக்டரின் ஊசியிலும் புட்டியிலும் அடங்கியிருந்த சிகிச்சை, எழுதப் படிக்கத் தெரியாத தாயின் கைக்கு அன்று மாறியது. அவள் செய்யவேண்டுவதெல்லாம் அளவு தவறாமல் கரைப்பதும், பொறுமையாக ஊட்டுவதுமே. இந்தச் சிகிச்சையில் அதிகாரம் முழுவதும் பெற்றோரிடத்தில் இருக்கிறது. ஆகவே, அளவைப்பற்றி அவர்களுக்குப் பொய் சொல்லுகிறவன் அந்த அதிகாரத்தைத் திருடுகிறவனாகிறான். ஹைதராபாத்தில் நடந்த வழக்கைப்பற்றி நாம் இவ்வளவு தீவிரமாக எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

வாயால் பருகி நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக்கு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஓ.ஆர்.எஸ். என்று பெயர் வழங்குகிறது. பெயரின் விரிவு தெரியாதவர்களுக்கும் இந்த மூன்றெழுத்துத் தெரியும். சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் பல்லாண்டுகளாகப் பாடுபட்டுப் பிரசாரம் செய்து ஜனங்களின் மனத்தில் பதியவைத்த எழுத்துக்கள் அவை. 2002ல் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் திருத்தியமைத்த முறைப்படி, ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸே இதில் இருக்கவேண்டும். கடைகளிலோ, இதே மூன்றெழுத்தைப் பெயரிலே பொதிந்துகொண்டு, காகிதப் பெட்டிகளிலும் புட்டிகளிலும் பழரசத்தின் நிறமும் ருசியும் கொண்ட பானங்கள் அடுக்கப்பட்டன. மருந்துக் கடைகளிலேயே, ஆஸ்பத்திரி வாசல்களிலேயே அவை விற்பனையாயின. அவற்றில் லிட்டருக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை இருக்கிறதென்று ஹைதராபாத்துக் குழந்தை வைத்தியர் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் எடுத்துக்காட்டினார். அதாவது, இருக்கவேண்டியதைப்போல் எட்டு மடங்கிற்கும் மேல்.

சர்க்கரை அதிகமானால் பலம்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. முன்னே சொன்ன கூட்டு வாசலுக்கு ஓர் அளவுதான் கொள்ளும். அதற்கு மிஞ்சிய சர்க்கரை குடலுக்குள்ளேயே தங்கி, உடம்பிலுள்ள ஜலத்தைத் தன்பக்கம் இழுத்துவிடும். வற்றிக்கொண்டிருக்கும் குழந்தை மேலும் வற்றும், பேதி அதிகரிக்கும். தாயோ, பேதி அதிகரித்துவிட்டதே என்று பயந்து இன்னொரு புட்டி வாங்கி ஊட்டுவாள். விலை அதிகமாயிருப்பதாலேயே அது உயர்ந்த சரக்கென்று நம்பி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாமாகக் கொடுத்த பொட்டலத்தை அலமாரியில் வைத்துவிட்டு இதை வாங்கியவர்களும் உண்டு.

டாக்டர் சிவரஞ்சனி இதை ஒருநாள் கண்டு ஆத்திரப்பட்டு மறுநாள் மறந்துவிடவில்லை. ஏறக்குறைய எட்டு வருஷம் போராடினார். அதிகாரிகளுக்கு எழுதினார், பெற்றோர்களுக்குத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இடைவிடாது எடுத்துச் சொன்னார், 2022ல் தெலிங்கானா ஹைகோர்ட்டில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வருஷம் இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இந்தப் பெயரைப் பானங்களில் உபயோகிக்கலாகாதென்று கட்டளையிட்டார்கள். அது நிலைக்கவில்லை. 2022 ஜூலை 14ந் தேதியே, முன்னும் பின்னும் வேறெழுத்துச் சேர்த்த வியாபாரப் பெயராக இருந்தால் இருக்கலாமென்றும், "இது உலக சுகாதார ஸ்தாபனம் சிபார்சு செய்த சரக்கன்று" என்ற கருத்தில் ஒரு குறிப்பைப் போட்டுவிட்டால் போதுமென்றும் இளகிவிட்டார்கள்.

இங்கே வக்கீல் தொழிலின் அநுபவத்தைக் கொண்டு ஒரு வார்த்தை சொல்ல அநுமதி வேண்டுகிறோம். பத்திரங்களில் பெரிய எழுத்தில் கொடுத்ததைச் சிறிய எழுத்தில் பிடுங்கிக்கொள்ளும் வித்தையை நாம் நன்றாக அறிவோம். பெட்டியின் முகப்பிலே கட்டைவிரற் பருமனில் மூன்றெழுத்து. அதன் மூலையிலே எறும்பு ஊர்வதுபோல ஒரு மறுப்பு. இரவு பதினொரு மணிக்கு, மங்கிய விளக்கில், அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலில் நிற்கும் தகப்பன் எதை வாசிப்பான்? அந்த மறுப்போ ஆங்கிலத்தில் இருக்கிறது. அசல் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மருந்தென்று கருதப்பட்டு, 1940ம் வருஷத்து மருந்துகள் சட்டத்தின்படி லைசென்ஸ் பெற்றே தயாரிக்கப்படவேண்டும். அந்தப் பானங்களோ ஆகாரமென்ற வகையில் 2006ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. மருந்தின் பொறுப்பு வேண்டாம், மருந்தின் பெயர் மட்டும் வேண்டும் என்பதே இதன் தாத்பரியம். அச்சட்டத்தின் 52வது பிரிவு தவறான முத்திரையிட்ட உணவுக்கு விதிப்பது அதிகபட்சம் 3 லக்ஷ ரூபாய் அபராதம். மயக்கும் விளம்பரத்துக்கு 53வது பிரிவு விதிப்பது 10 லக்ஷம். பெரிய கம்பெனிகளுக்கு இது விளம்பரச் செலவில் ஒரு சில்லறை இனம். சட்டசபைக்குச் செல்லும் நம் நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

2025 அக்டோபர் 14ந் தேதி உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் தங்கள் பழைய சலுகைகளை ரத்துச் செய்து, முன்னெழுத்துப் பின்னெழுத்து என்ன சேர்ந்திருந்தாலும் சரி, ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் எந்த ஆகாரப் பானத்திலும் வரக்கூடாதென்று உத்தரவிட்டார்கள். செய்தி கேட்ட டாக்டரம்மாள் கண்ணீர் விட்டதைத் தேசம் முழுவதும் படத்தில் பார்த்தது. மூன்று நாளைக்குள் கம்பெனியொன்று டில்லி ஹைகோர்ட்டுக்குச் சென்றது. தன் கட்சியைக் கேட்டு முடிவு சொல்லும் வரையில் அந்த உத்தரவு தன்னைத் தாக்காமல் இடைக்கால நிவாரணமும் பெற்றது. கேளாமல் தண்டிக்கலாகாதென்பது நீதியின் அரிச்சுவடி. அதைப்பற்றி நமக்கு ஆக்ஷேபம் இல்லை. கேட்டார்கள். கேட்ட பின், அக்டோபர் 30ந் தேதி அதிகாரிகள் அந்த மனுவை நிராகரித்தார்கள். மறுநாள், வேறொரு கம்பெனி தன் கையிருப்பை விற்றுக்கொள்ள அநுமதி கோரியபோது, பொதுஜன ஆரோக்கியத்தை முன்னிட்டுத் தலையிட ஹைகோர்ட்டு மறுத்துவிட்டது.

நிற்க. ஹைதராபாத்து வழக்குக்கும் திருத்தணிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். 1911ல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபோது இந்தத் தாலூகா அதில் சேர்க்கப்பட்டது. 1953ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அங்கேயே தங்கிவிட்டது. ம. பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி செய்து, சிறையும் சென்று, படாஸ்கர் மத்தியஸ்தத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1ந் தேதி இது சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. எல்லை தீர்ந்தது, குடும்பங்கள் பிரியவில்லை. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிறவர்கள் இங்கே ஏராளம். அந்தத் தாய்மார்களுக்கு, ஹைதராபாத்திலிருந்து தெலுங்கில் பேசிய டாக்டரம்மாளின் எச்சரிக்கை தங்கள் வீட்டுப் பெரியவள் சொன்னதுபோல் காதில் விழுந்திருக்கும். பேதிக்குப் பெருங் காரணமான ரோட்டா கிருமியைத் தடுக்கும் சொட்டு மருந்தைச் சர்க்கார் இனாமாகக் கொடுக்கத் தொடங்கியதும் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில்தான் முதலில், அது 2016ல். தமிழ் நாட்டுக்கு 2017ல் வந்தது. நகரியில் பிறந்த குழந்தைக்குக் கிடைத்தது திருத்தணியில் பிறந்த குழந்தைக்கு அந்த இடைக்காலத்தில் கிடைக்கவில்லை. நம் தேசத்திலேயே கண்ட சுதேசி மருந்தொன்று வேலூரிலும் சோதிக்கப்பட்டு நிரூபணமானது என்பது வேலூருக்கு அண்டையிலுள்ள இவ்வூராருக்குத் தெரிந்திருக்கலாம். குழந்தை பிறந்த 6, 10, 14வது வாரங்களில் இது கொடுக்கப்படுகிறது. பேதி வந்தபின் ஓடுவதைவிட வருமுன் இந்தச் சொட்டைப் போட்டுக்கொள்வது சுலபம்.

இனி, வீட்டில் செய்யவேண்டியவை. கொதித்து ஆறிய ஜலம் சரியாக ஒரு லிட்டர் அளந்து, பெரிய பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டிக் கரைக்கவேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் போடுவது பெரும் பிசகு. உப்பு மிஞ்சினால் அது வேறொரு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் உபயோகித்து, மிச்சத்தைக் கொட்டிவிடவேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை வயிறு போனபின்பும் 50 முதல் 100 மில்லி லிட்டர். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200. கரண்டியால் சிறிது சிறிதாகவே ஊட்டவேண்டும். தாகத்தால் குழந்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாந்தி எடுத்தால், "எதுவும் தங்கவில்லை" என்று கைவிட்டுவிடாமல், பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்கவேண்டும். பொட்டலம் அகப்படாத இடத்தில், ஒரு லிட்டர் ஜலத்துக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்.

இந்த ஜலம் பேதியை உடனே நிறுத்தாது. நிறுத்தவில்லையே என்பதே இதைக் கைவிடுகிறவர்கள் சொல்லும் குறை. பேதி பெரும்பாலும் சில நாட்களில் தானாக நிற்கும். அதுவரையில் குழந்தையைக் காப்பதே இதன் வேலை. பெரியவர்களுக்கான பேதி கட்டும் மாத்திரைகளைக் குழந்தைக்குக் கொடுப்பது அபாயம். டாக்டர் சொல்லாமல் கிருமிநாசினி மருந்து கேட்டு வாங்குவதும் வீண். துத்தநாக மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம் வீதமும், அதற்குக் குறைந்ததற்குப் பாதியும், பேதி நின்றுவிட்டாலும் 14 நாள் கொடுத்து முடிக்கவேண்டும். அடுத்து வரும் மாதங்களிலும் பேதி எளிதில் அண்டாமல் காப்பதற்கே இது. தாய்ப்பாலை ஒருவேளைகூட நிறுத்தலாகாது. சாதம், பருப்பு, தயிர், மசித்த வாழைப்பழம் எது வழக்கமோ அதைக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்குத் தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டாம். திருத்தணி வெயிலிலும்கூடத் தனியாக ஜலம் வேண்டாம். "தொண்டை வறளுமே!" என்று மாமியார் சொன்னால், தாய்ப்பாலில் பெரும்பகுதி ஜலம்தான் என்று மருமகள் பணிவோடு எடுத்துச் சொல்லலாம். சொல்லத் துணியாத வீட்டில் மகன் சொல்லட்டும்.

ஆண்மக்களுக்கென்றே இதை எழுதுகிறோம். இப்பத்திரிகையை வாசிக்கும் நண்பர்களிற் பலர் குழந்தைக்கு எத்தனை தடவை வயிறு போயிற்றென்று கேட்பதைப் பெண்கள் காரியமென்று ஒதுக்கிவிடுகிறவர்கள். கடைக்குப் போகிறவர்களும், பணம் கொடுக்கிறவர்களும், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவர்களும் அவர்களே. குழந்தை சோர்ந்து கண் திறவாமல் கிடந்தாலும், குடிக்க மாட்டாமற் போனாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெல்லத் தாழ்ந்தாலும், தீர்மானிப்பதற்கு ஒன்றுமில்லை. வழியெல்லாம் கரைசலை ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டியதுதான்.

திருத்தணிகைத் தேவஸ்தான அதிகாரிகளும் நகரசபையாரும் மனம் வைத்தால் எளிதில் முடிகிற காரியங்கள் சில உண்டு. ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31ந் தேதி நடக்கும் படித் திருவிழாவுக்கும் போலீஸ் பந்தோபஸ்தைப்பற்றி மாதக்கணக்கில் முன்னேற்பாடு செய்கிறார்கள். அதே அக்கறையோடு, சரவணப் பொய்கைக் கரையிலும், படிக்கட்டின் நடுவிலும், முடியிறக்கும் மண்டபத்தருகிலும், சுத்தம் செய்த ஜலமும், ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், ஒரு லிட்டர் அளவுப் பாத்திரமும், கரைத்துக் காட்ட ஒரு செவிலியும் வைக்கலாம். கை கழுவச் சோப்பும் குழாயும் அமைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பலகை எழுதிவைக்கலாம். அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுக்கும் தர்மிஷ்டர்கள் இதற்கும் பணம் தருவார்கள், கேட்பாரில்லாததே குறை. தேசத் தொண்டு செய்ய வழியில்லை என்று சொல்லும் நம் வாலிபர்கள் கிருத்திகையன்று நான்கு மணி நேரம் அந்தப் பலகையின் கீழே நிற்கட்டும்.

கடைத் தெருவிலோ, உத்தரவு வெளியானதும் பழைய பானங்களில் சில புதுப் பெயரில், அதே நிறத்தில், அதே அலமாரிக்குத் திரும்ப வரக்கூடும். வியாபாரத்துக்கு எழுத்துப் பஞ்சமில்லை. ஆகையால் முகப்பை விட்டுவிட்டுப் பொட்டலத்தின் முதுகைத் திருப்பிப் பார்க்கவேண்டும். குளுகோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, கூட்டினால் 20.5 கிராம், ஒரு லிட்டர் ஜலத்துக்கு. இந்த நான்கும் இந்த அளவில் எழுதியிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். "அதேதான் சார், இது கொஞ்சம் ருசியாயிருக்கும்" என்று கடைக்காரர் வேறெதையாவது நீட்டினால், காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அங்கன்வாடிக்கோ நடந்து போய் இனாமாகவே வாங்கி வரலாம்.